டோரதி கேட்ட உள்பாக்கெட்

1

"நீ கேரி பண்ணுகிறாயா?" என்று டோரதி கேட்டபோது, நான் மாசமாக இருக்கிறேனா என்று விசாரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நம் ஊரில் டாக்டரம்மாவிலிருந்து பக்கத்து வீட்டு டீச்சர் வரை 'கேரியிங்' என்றால் அது ஒன்றுதானே. நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். கொஞ்சம் போட்டுத்தான் இருந்தது. "இல்லை, ஒரு மகள் போதும் என்று நிறுத்திவிட்டோம்" என்றேன். டோரதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டிக் காட்டினாள். அப்போதுதான் புரிந்தது. இங்கே கேரி பண்ணுவது என்றால் துப்பாக்கியைக் கூடவே வைத்துக்கொண்டு திரிவது.

இது 1994-ன் தொடக்கம். இந்த வாரத்தோடு நாங்கள் அரிசோனாவுக்கு வந்து ஏழு வருஷம் முடிகிறது. ஒரு சலவைக் கடையின் மூலையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிரித்துக் கொடுப்பது என்று வேலை. கடைக்கு வருகிறவர்களில் நாலு வார்த்தை நின்று பேசுகிறவள் டோரதி. ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண். நடமாட முடியாத முதியவர்களின் வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்து, குளிப்பாட்டிவிட்டு வருவது அவள் வேலை. போன மாதம் ஒரு வீட்டு வாசலில் காரில் ஏறும்போது யாரோ ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது.

தன் மெல்லிய ஜாக்கெட்டை என் மேஜைமேல் விரித்து, இடதுபக்க உட்புறத்தைத் தடவிக் காட்டினாள்.

"இங்கே ஒரு பாக்கெட் வேண்டும். சின்னது. வெளியே மேடு தெரியக்கூடாது."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. முன்னாலேயே விரலால் காட்டிவிட்டாளே.

உங்களுக்கு இங்குள்ள சட்டத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்று புரியாது. இந்த மாநிலத்தில் இடுப்பில் தோல் உறை கட்டி, அதில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி காய்கறிக் கடைக்குப் போகலாம். போலீஸ்காரர் எதிரே வந்தால் வணக்கம் சொல்லலாம். அதே துப்பாக்கியைச் சட்டைக்குள்ளோ கைப்பைக்குள்ளோ மறைத்தால் குற்றம். இதை மாற்ற வேண்டும், மறைத்து வைத்துக்கொள்ளவும் லைசென்ஸ் தர வேண்டும் என்று ஒரு கூட்டம் கேட்கிறது. தெரிந்தால்தான் எதிரே வருகிறவன் ஒதுங்கிப் போவான், மறைத்துவிட்டால் யாரை நம்புவது என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் ரேடியோவில் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறது. துப்பாக்கியே வேண்டாம் என்று ரேடியோவுக்கு யாராவது போன் செய்தால், ரேடியோக்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்.

"இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாமே, அது தப்பில்லையே" என்றேன்.

"கட்டிக்கொண்டு போனால் எந்தக் கிழவி எனக்குக் கதவைத் திறப்பாள், மல்லிகா?" என்றாள் டோரதி. "வெளியே தெரிந்தால் வேலை போகும். உள்ளே வைத்தால் ஜெயிலுக்குப் போவேன். வெறுங்கையோடு போனால் மறுபடி தலைமுடியைப் பிடிப்பான். நீயே சொல்."

"அடுத்த வாரம் வா" என்றேன். ஜாக்கெட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மிச்ச வேலை எதுவும் சரியாக வரவில்லை. ஒரு பாவாடையின் ஓரத்தை உட்புறம் வெளிப்புறம் மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடியும் அப்படியே தைத்தேன்.

2

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். என் கணவர் சேகர் நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். எதையும் சோதனைக் குழாயில் ஊற்றி வண்ணம் பார்த்த பிறகே பேசுகிறவர். அன்றைக்கு மட்டும் சட்டென்று பேசினார்.

"தைக்காதே. நம்ம சிட்டிசன்ஷிப் பேப்பர் உள்ளே கிடக்கு. குற்றத்துக்குத் துணை போனயான்னு ஒரு கேள்வி இருக்கு அதில். இருபது தடவை படிச்சிருக்கேன்."

"வெறும் பாக்கெட்டுதானே. அவ அதுல மூக்குக் கண்ணாடி வைக்கிறா, துப்பாக்கி வைக்கிறா, எனக்கு என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியுமே."

எங்கள் மகள் கயல் சோற்றைக் கிண்டியபடி இருந்தாள். பதின்மூன்று வயதாகிறது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எப்போதாவது மனசு வந்து தமிழ் பேசினால் அது வேறு மாதிரி இருக்கும்.

"அம்மா, நீ தெய்க்கணும்" என்றாள். "அவங்க பயப்படுது."

"பயப்படுறாங்க" என்று திருத்தினேன்.

"வாட்எவர். மாமாகூட வச்சிருந்தார்தானே, துப்பாக்கி? பஸ்ல?"

சேகர் என்னைப் பார்த்தார். அந்த விஷயத்தை எங்கள் வீட்டில் பேசுவதில்லை. அதைப்பற்றிக் கயலுக்கு ஞாபகம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பாத்திரம் கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் அங்கேயே நின்றேன்.

3

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் நானும் கயலும் மட்டும் ஊருக்குப் போயிருந்தோம். எங்கள் ஊர் ஆத்தூர் அணைக்குப் போகும் வழியில், மலையை ஒட்டி இருக்கிறது. தென்னையும் நிலக்கடலையும் உள்ள பூமி. மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி ஒரே ராத்திரியில் கடலைக் காட்டைப் புரட்டிப்போடும். அதனால் எங்கள் அப்பா காலத்திலேயே பயிர்ப் பாதுகாப்பு என்று லைசென்ஸ் வாங்கி வீட்டில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. அப்பாவுக்குப் பிறகு அது அண்ணன் சுப்பையாவின் பேருக்கு வந்தது. அதை அவர் பன்றியைப் பார்த்துச் சுட்டதைவிட ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டதுதான் அதிகம். மிச்ச நேரமெல்லாம் அது துணி சுற்றி அலமாரிக்குப் பின்னால் நிற்கும்.

நான் போனபோது அது அவர் தோளில் தொங்கியது. என்னை வரவேற்க ஊர் விலக்கில் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோதும் தொங்கியது.

"என்ன அண்ணே இது?" என்றேன்.

"இருக்கட்டும் தாயி. காலம் கெட்டுக் கெடக்கு."

காரணத்தை வீட்டுக்குப் போன பிறகு மதினி பாக்கியம் சொன்னாள். எங்கள் சித்தப்பா மகன் தங்கவேலுவுக்கும் அண்ணனுக்கும் பொதுவில் ஒரு கிணறு. இன்றைக்கு இவர் மோட்டார் ஓட்டினால் நாளைக்கு அவன். கரண்ட் போய்ப் போய் வந்ததில் யாருடைய முறை என்று தகராறு. அண்ணன் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டார். தங்கவேல் திருப்பி அடிக்கவில்லை. "இதுக்கு ஒரு முடிவு கட்டாம விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். மறுவாரமே ஊரில் ஆளைக் காணோம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகித் திரும்பி வந்தபோது இளைத்துப் போயிருந்தான். தொளதொளவென்று ஒரு சட்டை, அதற்குமேல் துண்டு. வலது கை எப்போதும் சட்டைக்குள்ளே. யார் எதிரே வந்தாலும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்வான். கேரளத்துப் பக்கம் போய்க் கள்ளத் துப்பாக்கி வாங்கி வந்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவனும் இல்லையென்று சொல்லவில்லை.

அண்ணனும் அதற்குப் பிறகுதான் துப்பாக்கியைச் சுற்றிய துணியை அவிழ்த்தார்.

கயலுக்குப் பன் வாங்க டீக்கடைக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"சுப்பையா வாராருன்னா தூரத்துலயே தெரிஞ்சுபோகுது. வேணும்னா எந்திரிச்சுப் போயிரலாம்" என்றார் கடைக்காரர். "இந்தத் தங்கவேலு வாரான், டீ சொல்றான், கைய மட்டும் எடுக்க மாட்டேங்கிறான். நான் டீயக் கையில குடுக்கவா, கீழ வைக்கவா? ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

"அட போப்பா" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். "மறைச்சு வச்சிருக்கவனுக்குக் கொஞ்சம் வெக்கமாச்சும் இருக்கு. தோள்ல போட்டுட்டு அலையிறவனுக்கு அதுவும் இல்ல. இந்தப் பாப்பா முன்னாடி சொல்றதுக்கென்ன, நான் இவுக அண்ணன்கிட்டயே சொல்லுவேன்."

"எங்க, சொல்லு பாப்போம்."

"துப்பாக்கிய வீட்ல வச்சிட்டு வரட்டும். சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதினி சிரிக்கிற நிலையில் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் கடலைக்காய் உரித்துக்கொண்டே, அண்ணன் காதில் விழும்படியே என்னிடம் சொன்னாள். "உங்க அண்ணன் தெருவுல போறப்ப ஊரே வழி விடுதுன்னு நெனைக்கிறார் மல்லிகா. வழி விடல. வெலகுது. ரெண்டு மாசமா நம்ம வீட்டுக்கு மோர் கேட்டுக்கூட ஒருத்தரும் வாரதில்ல."

"அவன் மறைச்சு வச்சிருக்கான்ல? அதச் சொல்ல மாட்டியா?" என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.

"கண்டீங்களா?"

"காணாததுனாலதான் இம்புட்டும்!"

4

திண்டுக்கல்லில் இரண்டு வேலை இருந்தது. எனக்குக் கயலின் பிறப்புச் சான்றிதழில் பேர் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பதிந்தபோது 'பெண் குழந்தை' என்று போட்டதோடு சரி. அமெரிக்க அலுவலகமோ, இந்தப் 'பெண் குழந்தை' என்பவர் யார், கயல்விழி என்பவர் யார் என்று கேட்டிருந்தது. அண்ணனுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கத் துப்பாக்கியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மதினியும் கூட வந்தாள். அண்ணனைத் தனியே விட அவளுக்கு மனசில்லை.

லைசென்ஸ் ஆபீஸில் கிளார்க் துப்பாக்கியைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"ஏங்க, இதை ஒரு சாக்குல சுத்திக் கொண்டாரக் கூடாதா? பொம்பளைங்க புள்ளைங்க வந்து போற எடம்."

"லைசென்ஸ் இருக்குல்ல? திருட்டுச் சாமானா, சாக்குல சுத்துறதுக்கு?" என்றார் அண்ணன்.

"லைசென்ஸ் காட்டுக்குள்ள பன்னி சுடக் குடுத்ததுங்க. பஸ்ஸுல ஏறி வர்றதுக்கில்ல."

"பஸ்ஸுல வராம, காட்டுலேருந்து இங்க பறந்தா வர முடியும்?"

கிளார்க் முத்திரையைக் குத்தினார். அண்ணனுக்கு அதில் ஒரு வெற்றி. பிரியாணிக் கடையிலும் அப்படித்தான். நாங்கள் உட்கார்ந்ததும் பக்கத்து மேஜைக்காரர்கள் கைகழுவப் போனவர்கள் திரும்பி வரவில்லை. சர்வர் கேட்காமலேயே அண்ணன் இலையில் கூடுதலாகக் கறி வைத்தார். "பாத்தியா தாயி, மருவாதிய" என்றார் அண்ணன். மதினி பாதி இலையோடு எழுந்துவிட்டாள்.

மத்தியானம் செம்பட்டி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். நல்ல கூட்டம். ஆனாலும் அண்ணனுக்குப் பின்கதவுப் பக்கம் ஒரு சீட்டே காலியாகக் கிடைத்தது. துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முன் சீட்டில் நான், ஜன்னலோரம் கயல், இந்தப் பக்கம் மதினி. பஸ் நகர ஆரம்பித்த பிறகு முன்கதவில் ஒருவன் தொற்றி ஏறினான். துண்டும் தொளதொளச் சட்டையும் தெரிந்தன. தங்கவேல்தான்.

அவன் எங்களைப் பார்த்துவிட்டான். இறங்க முடியாது, பஸ் வேகமெடுத்துவிட்டது. ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டான். மறு கை சட்டைக்குள். எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் பஸ்ஸில் இருந்தார்கள். அவர்கள் குசுகுசுத்தது கூட்டத்தில் பரவியது. அவனைச் சுற்றி நின்றவர்கள் எப்படியோ நெருக்கி அடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அவ்வளவு கூட்டத்திலும் அவனைச் சுற்றி ஆள் படுக்கிற அளவுக்கு இடம் உண்டாகிவிட்டது. பின்னால் அண்ணனைச் சுற்றியும் அப்படியே. கண்டக்டர் இரண்டுக்கும் நடுவே டிக்கெட் கிழிக்காமல் நின்றார்.

ஒரு வளைவில் பஸ் குலுங்கியது. தங்கவேலுவின் கை சட்டைக்குள் இன்னும் ஆழமாகப் போயிற்று. முகம் சுருங்கியது. எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. குழலை மடக்கும் சத்தம். பிறகு தோட்டாக்கள் உள்ளே இறங்கும் சத்தம். பிறகு குழல் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும் சத்தம். சின்ன வயதில் அப்பா கையில் கேட்ட அதே சத்தம்தான். கயலின் தலையை இழுத்து என் மடியில் அமுக்கினேன். அவள் திமிறினாள்.

மதினி எழுந்தாள்.

"எங்க போற? உக்காரு" என்றார் அண்ணன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டுக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனாள். தங்கவேலுவைச் சுற்றியிருந்த அந்தக் காலி இடத்துக்குள் நுழைந்து அவனுக்கு நேர் எதிரே நின்றாள். அண்ணன் சுட்டால் முதலில் அவள் முதுகில்தான் படும்.

"கொழுந்தனாரே."

"என்ன மதினி."

"உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் கைய எடுக்க மாட்டேங்கிறீங்க? உங்க அண்ணன் தோட்டா போட்டுட்டார். கேட்டுச்சா? எனக்குக் கேட்டுச்சு. இருக்கா இல்லையா, ஒரு வார்த்த சொல்லுங்க."

"நீங்க போய் உக்காருங்க மதினி. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன்."

"கைய எடுங்க, அப்பு. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

தங்கவேல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் தோளுக்கு மேலாக என் அண்ணனைப் பார்த்தான். கையை வெளியே எடுத்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சட்டையை நெஞ்சுவரை தூக்கினான்.

"பாத்துக்கங்க. அவரும் பாத்துக்கட்டும். எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க."

தொப்புளுக்குப் பக்கத்தில் வயிற்றில் ஒரு துளை. சுற்றிலும் தோல் வெந்து சிவந்திருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்து நாடாவால் வயிற்றோடு கட்டியிருந்தான். பை பாதி நிரம்பியிருந்தது. குடலில் முறுக்கு விழுந்து, மதுரையில் அவனை அறுத்து, மலம் அந்த வழியாக வரும்படி வைத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அறுத்து மூடுவார்களாம். பஸ் ஆடும்போதெல்லாம் பை நழுவிவிடாமல் இருக்க ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தான். அது வீட்டில் அவன் மனைவிக்கு மட்டும் தெரியும். ஊரில் கள்ளத் துப்பாக்கி என்று பேச்சுக் கிளம்பியதும் அவனுக்கு நிம்மதியாகிவிட்டதாம். யாரும் கிட்டே வரமாட்டார்கள் அல்லவா. வாடை தெரியாது.

வாடை இப்போது பஸ்ஸுக்குள் பரவியது. ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். தங்கவேல் அதையும் பார்த்தான்.

என் அண்ணன் குழலை மடக்கினார். எடுக்கும்போது ஒரு தோட்டா நழுவிக் கீழே விழுந்து உருண்டது. கயல் என் கையை உதறிவிட்டுக் குனிந்து எடுத்தாள். "மாமா, உங்களோடது" என்று நீட்டினாள். அவரால் அதை வாங்க முடியவில்லை. நான் வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கண்டக்டர் யாரையோ எழுப்பித் தங்கவேலுவை உட்கார வைத்தார். மதினி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் குலுங்கும்போது யாரும் அவன்மேல் சாய்ந்துவிடாமல் கையை நீட்டித் தடுத்தபடியே ஊர்வரை வந்தாள்.

5

மறுநாளே அண்ணன் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். தங்கவேல் வீட்டுக்கு ஒரு தென்னங்குலையோடு போனார். அவன் கதவைத் திறக்கவில்லை. குலை வாசலிலேயே கிடந்து காய்ந்தது. வயிற்றை மூடிய பிறகு, கிணற்றுப் பங்கையும் காட்டையும் அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு ஒட்டன்சத்திரம் பக்கம் மாமனார் ஊருக்குப் போய்விட்டான். இப்போது தண்ணீர் முழுக்க அண்ணனுடையது. யாருடைய முறை என்று கேட்க ஆளில்லை.

நான் கிளம்பும் முன்பு மதினியிடம், "நீங்க மட்டும் எந்திரிக்கலேன்னா அன்னைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும்" என்றேன்.

"விழுந்திருக்கும்" என்றாள். "ஆனா அம்புட்டுப் பேரு முன்னாடி ஒரு ஆம்பளையச் சட்டையத் தூக்க வச்சேனே மல்லிகா. அவுக அவுகளுக்கு மூடி வைக்க ஒண்ணு இருக்கும்ல. அத நானா அவுத்தேன்னு கெடக்கு எனக்கு."



டோரதி வந்து போன மறுநாள், கயலைப் பள்ளிக்கூடத்திலிருந்து காரில் கூட்டி வரும்போது அவளிடம் கேட்டேன். பஸ்ஸில் நடந்தது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது? எல்லாம் இருக்கிறது என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி இங்கிலீஷில் ஒன்று கேட்டாள். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததுபோல் இருந்தது.

"துப்பாக்கி மாமாகிட்டதானே இருந்தது? எல்லாருக்கும் அது தெரியும்தானே? அப்புறம் அத்தை ஏன் அந்த அங்கிள்கிட்டப் போய்க் கையை எடுக்கச் சொன்னாங்க? மாமாகிட்ட ஏன் யாருமே எதையும் கேட்கல?"

சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கிறவரை எனக்கு அது தெரியவில்லை.

நாங்கள் யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான், மதினி, டீக்கடைக்காரர், கிளார்க், எல்லோரும் அண்ணனின் துப்பாக்கியை மாதக்கணக்காகப் பார்த்துப் பழகிவிட்டோம். பார்த்துப் பழகியதால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அதனால் அதைப்பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு, தெரியாத இடத்தைத் தேடிப் போனோம். அது இல்லாதவனிடம் போய் நின்றோம்.

6

சொன்னபடி டோரதி அடுத்த வாரம் வந்தாள். ஜாக்கெட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னால் முடியாது" என்றேன். பேப்பர், விண்ணப்பம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பஸ் கதையைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. 'கொழுந்தனார்' என்பதிலேயே மாட்டிக்கொண்டேன். என் அண்ணனின் மனைவி, அவள் கணவனின் சித்தப்பா மகன் என்று சுற்றிச் சுற்றி வந்ததில் டோரதிக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். ஆனால் பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஆக, அந்த ஆளிடம் துப்பாக்கி இல்லை?"

"இல்லை."

"உன் அண்ணியின் அதிர்ஷ்டம்" என்றாள் டோரதி. காதுக்குப் பின்னால் தழும்பைத் தடவிக்கொண்டாள். "என்னைத் தள்ளினவனிடமும் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அதை நான் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது."

கோபமில்லாமல் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சரியாகத்தான் செய்தேன் என்று இரண்டு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடை வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கிப் பார்ப்பேன்.

நேற்று வந்தாள். ஜாக்கெட் இல்லை. இடுப்பில் புதுத் தோல் பெல்ட். வலதுபக்கம், பேன்ட்டுக்குள் பாதி செருகிய உறை. உறைக்குள் துப்பாக்கி. சலவைத் துணி வாங்க வந்திருந்த ஒரு அம்மா, தன் குழந்தையின் தோளைப் பிடித்து மெதுவாகக் கண்ணாடி ஜன்னல் பக்கம் திருப்பினாள். டோரதி அதைப் பார்க்காதமாதிரி நின்றாள். ஆனால் பார்த்தாள்.

"சட்டப்படிதான்" என்றாள் என்னிடம்.

"வேலை?"

"இரண்டு வீட்டில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும், அதைக் கழற்றிப் பார்க்கக் கொடு என்கிறார். அவருக்குப் பொழுது போகிறது." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "இந்த பெல்ட் போட்டால் என் பேன்ட் எதுவும் சேர மாட்டேன் என்கிறது. மூன்று கொண்டு வந்திருக்கிறேன். இடுப்பைப் பிரித்து விட வேண்டும்."

அது என் வேலை. அதற்கு முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் ஒன்றும் இல்லை. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் மண்டியிட்டேன். எவ்வளவோ இடுப்புகளை அளந்திருக்கிறேன். டேப்பை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று தெரியாமல் கை நின்றது இதுவே முதல் தடவை. உறையிலிருந்து எண்ணெய் வாசனையும் புதுத் தோல் வாசனையும் வந்தன.

"கழற்றிவிட்டு அளக்கவா, இதோடவா?" என்று கேட்டேன்.

டோரதி எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை உறையின் மேல் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று.

"இதோடவே எடு" என்றாள்.

நான் டேப்பைத் துப்பாக்கியையும் சேர்த்துச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் ஒன்று சேர்த்துப் பிடித்து, அளவைப் பார்த்தேன்.